ரியூனருக்குப் பின்னால் எந்தப் பாலுன்?

தென்மராட்சியின் சந்தை ஊரான கொடிகாமத்தில் பனையும் தென்னையும் எங்கும் ஓங்கி நிற்பதால், அமெச்சூர் வானொலியில் ஈடுபடுவோர் கம்பி அன்ரெனாவை உயர்த்திக் கட்டக் கோபுரம் தேடவேண்டியதில்லை. 7 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசைக்குரிய அரை அலைநீள இருமுனை அன்ரெனா ஏறத்தாழ 20 மீற்றர் நீளமே என்பதால், அது இரண்டு மரங்களுக்கிடையே அடங்கிவிடும்.

அதே கம்பியை 14 மெகாஹேர்ட்ஸிலும் பயன்படுத்த முனையும்போதே சிக்கல் எழுகிறது. கம்பியின் நடுவில் மாறுமின்னோட்டத்துக்கு எதிரான தடை, அதாவது தடங்கல், 7 மெகாஹேர்ட்ஸில் சில பத்து ஓம்களாக இருக்க, 14 மெகாஹேர்ட்ஸில் ஆயிரக்கணக்கான ஓம்களாக உயர்கிறது. செலுத்தியோ 50 ஓமையே எதிர்பார்க்கிறது. சுருளும் மாறும் கொள்ளளவிகளும் கொண்ட ரியூனர் இவ்விரண்டையும் பொருத்துகிறது. எனினும் அது அன்ரெனாவை மாற்றுவதில்லை. பொருத்தமின்மை ஊட்டுக் கம்பியில் அப்படியே இருப்பதால், அந்நிலையிலும் இழப்புக் குறைந்த இணைகம்பி ஊட்டு விரும்பப்படுகிறது.

இணைகம்பியின் இரு கம்பிகளிலும் மின்னோட்டம் சமமாகவும் எதிர்த்திசையிலும் ஓடவேண்டும். வழக்கமான ரியூனரின் ஒரு முனையோ அதன் உலோகப் பெட்டியுடன் இணைந்திருக்கிறது. சமநிலையுள்ளதையும் சமநிலையற்றதையும் இணைக்கும் கருவியே பாலுன். அது இல்லாவிட்டால், மிஞ்சும் மின்னோட்டம் பெட்டியிலும் கேபிளின் வெளிப்புறத்திலும் ஓடி, ஒலிவாங்கியைத் தொடுபவரின் உதட்டைச் சுடுவதோடு, வீட்டு மின்சாதனங்களின் இரைச்சலையும் வாங்கிக்குள் கொண்டுவரும்.

பாலுன்களில் இரு முதன்மை வகைகள் உண்டு. குவானெல்லா 1944இல் விளக்கிய அமைப்பு மின்னோட்டங்களைச் சமப்படுத்துகிறது. ருத்ரொஃப் 1959இல் விவரித்த 4:1 அமைப்பு வோல்ற்றளவுகளைச் சமப்படுத்துகிறது. கதிர்வீச்சைத் தருவது மின்னோட்டமே ஆதலால், முன்னதே இங்கு பொருத்தமானது.

இணைகம்பி உயர் தடங்கலுடையது என்ற எண்ணத்தில் 4:1 பாலுனைப் பூட்டும் வழக்கம் பரவலாக உள்ளது. ஆனால் ரியூனர் முனையில் தோன்றும் தடங்கல், கம்பியின் நீளத்துக்கும் மீடிறனுக்கும் ஏற்ப மாறுகிறது. அது 40 ஓமாக அமைந்தால் 4:1 பாலுன் அதை 10 ஓமாக்கிவிட, ரியூனரின் சுருளில் ஓடும் மின்னோட்டம் பெருகி, ஆற்றல் வெப்பமாக வீணாகும். பாலுனை ரியூனரின் உள்வாயிலுக்கு மாற்றினாலும் சமநிலையின்மை தரும் சுமை குறையாது. ரியூனரின் பெட்டியே வோல்ற்றளவு ஏறி நிற்கும்.

இத்தகைய எளிய நிலையங்களின் பயனை 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை உணர்த்தியது. வடமராட்சி கிழக்கையும் அழித்த அப்பேரலையின் பின்னர், தொடர்பு அறுந்த அம்பாந்தோட்டையைக் கொழும்புடன் இணைத்தவர்களில் சிற்றலை வானொலி அமெச்சூர்களும் இருந்தனர்.

இலங்கையில் இத்துறைக்கு வருவோர் முதலில் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் உரிமம் பெறவேண்டும். அதன்பின் ஒரே கம்பியில் பல அலைவரிசைகளை நாடுவோர், தாராளமான பெரைற்று அகணி கொண்ட 1:1 மின்னோட்டப் பாலுனை ரியூனரின் வெளிவாயிலில் பொருத்துவதே பெரும்பாலான சூழல்களில் சிறந்த தெரிவாகும்.