பியரில் பம்பளிமாஸ் மணம்

அமெரிக்காவில் வீட்டிலேயே பியர் காய்ச்சுவோர் பலர், எலுமிச்சை, ஆரஞ்சு மணத்துக்காக சிட்ரா போன்ற வீரியமான ஹாப்ஸ் பூக்களை அள்ளிப் போடுகிறார்கள். லேசான பியருக்கு 1972-இல் ஓரிகனிலிருந்து வெளியான காஸ்கேட் என்ற ஹாப்ஸ் வகையே பொருத்தம் என்பேன். அதன் பம்பளிமாஸ் மணம் மால்ட்டின் இனிப்பை அமுக்குவதில்லை. 1980-இல் காஸ்கேடைச் சேர்த்து முதன்முதலாகக் காய்ச்சப்பட்ட சியரா நெவாடா பேல் ஏல் அதற்குச் சாட்சி. மணம் போதவில்லை என்பவர்கள் பூவைப் போடும் நேரத்தைக் கவனிக்க வேண்டும். மணம் தரும் எண்ணெய்கள் கொதியில் ஆவியாகிவிடும், கசப்போ நெடுநேரம் கொதித்தால்தான் இறங்கும். ஆகவே தொடக்கத்தில் கொஞ்சம், அடுப்பை அணைத்தபின் மீதி. இந்த மணத்துக்கு ஆரஞ்சுத் தோலே போதாதா? பெல்ஜியத்துக் கோதுமை பியரான விட்பியரில் அது அழகாகப் பொருந்துகிறது. ஆனால் ஹாப்ஸின் கசப்பும் மலர்வாசனையும் தோலில் கிடைக்காது. பழைய பூவில் மணமும் கசப்பும் குறைந்துவிடும். காற்றுப்புகாத உறையில், குளிரில் வைத்ததையே வாங்குங்கள்.