வீடியோப் படம் முற்றுப்பெறாமைக்குக் காரணங்கள்

வடசென்னையின் வரலாறு படம்பிடித்து வைக்கத்தக்க செல்வம் என்பதை நம் கல்லூரி மாணவர்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 1856-ஆம் வருஷம் ஜூலை மாதம் 1-ஆம் தேதி தென்னிந்தியாவின் முதல் பிரயாணிகள் ரெயில் புறப்பட்டது இராயபுரத்திலிருந்தேயாம். 2023-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்து வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்திற் பரவி, மீனவர் வலையையும் படகையும் பாழாக்கியதும் இப்பகுதியிலேயே. இவற்றைக் குறித்து முதியோர் கூறும் சொற்கள் இன்று கிடைப்பன. நாளை கிடைக்குமென்பது நிச்சயமன்று. அவற்றைப் பதிந்து தொகுத்து, ஒரே கோப்பாக எக்ஸ்போர்ட் செய்யுங்கால் கணினி இடைவழியில் நின்றுவிடுமாயின், செய்யத்தக்கது யாது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

தொகுப்பு மென்பொருளில் நாம் காண்பது முடிந்த படமன்று. எத்துண்டு எவ்விடத்தில் வரவேண்டும் என்னும் குறிப்பேயாம். எக்ஸ்போர்ட் செய்யும்போதே கணினி மூலக்கோப்பு ஒவ்வொன்றையும் திறந்து, விநாடிக்கு 25 சட்டகமாயின் அவ்விருபத்தைந்தையும் ஆக்கிச் சுருக்கி எழுதுகின்றது. ஆதலின், திரையில் ஒருவாறு ஓடிய படம் இங்கே தடைப்படுதல் வியப்பன்று.

முதலில், எத்தனை சதவீதத்தில் நின்றது என்பதைக் குறித்துக்கொண்டு, மீண்டும் ஒருமுறை முயல்க. ஒவ்வொரு முறையும் வெவ்வேறிடத்தில் நிற்குமாயின், நினைவகக் குறைவு, கணினியின் மிகுவெப்பம், கிராபிக்ஸ் டிரைவரின் பழுது ஆகியவற்றை ஐயுறலாம். பிற மென்பொருள்களை மூடி, ஹார்டுவேர் என்கோடிங்கை விடுத்துச் சாப்ட்வேர் என்கோடிங்கால் முயலுதல் நன்று. காலம் மிகுமாயினும் காரியம் கைகூடக்கூடும்.

எப்போதும் ஓரிடத்திலேயே நிற்குமாயின், குற்றம் பெரும்பாலும் அவ்விடத்துத் துண்டிலேனும் அலங்காரத்திலேனும் உளது. படத்தை இரு கூறாக்கி, எக்கூறு தவறுகின்றதோ அதனை மீண்டும் இரு கூறாக்குக. இவ்வாறு செய்தால் 30 நிமிஷப் படத்தில் ஐந்தே பிரிவினையால் ஒரு நிமிஷத்திற்குட்பட்ட பகுதி அகப்படும். அத்துண்டின் மூலக்கோப்பு, கழற்றிவிட்ட பென்டிரைவில் இருக்கின்றதா, கெட்டுவிட்டதா, இட்ட எபெக்ட் பொருந்தவில்லையா என்று பார்த்தல் அப்பால் எளிது.

இறுதியை நெருங்கி நிற்பதற்கு மற்றொரு காரணமுமுண்டு. பழைய பென்டிரைவ்கள் பலவற்றில் உள்ள பாட்32 என்னும் அமைப்பு, ஒரு கோப்பின் அளவை 32 பிட் எண்ணாலேயே எழுதுகின்றது. பேரேட்டின் கட்டம் நிரம்பியபின் கணக்கன் இலக்கம் எழுத இயலாதவாறு போல, ஏறக்குறைய 429 கோடி பைட்டுக்கு மேல் அது ஏற்பதில்லை. விநாடிக்கு 20 மெகாபிட் வீதம் 30 நிமிஷம் ஓடும் படம் 450 கோடி பைட் ஆகும். ஆகவே 28 நிமிஷங் கடந்தவுடன் எழுத்து நின்றுபோம். டிஸ்கில் இடம் மிகுதியாயிருந்தும் நேரும் இவ்விடர், எக்ஸ்பாட் அமைப்புள்ள டிஸ்கில் எழுதினால் நீங்கும்.

படம் நிறைவெய்தியதும் மூலக்கோப்புகளை அழித்து இடம் பெறுதல் சிலர் வழக்கம். அது தகாது. புதிய கோப்பை முதல் முதற்கொண்டு இறுதிவரை கண்ணாற் கண்டும் செவியாற் கேட்டும் சோதித்து, மூலங்களை வேறிரண்டிடத்திற் சேமித்து வைத்தலே முறை. எக்ஸ்போர்ட்டைப் பத்து முறையும் மீளச் செய்யலாம். முதியவர் ஒருவரின் வாய்மொழியை இழந்துவிடின், மீளப் பெறுதல் அரிது.