பழைய கார், புதிய பாகம்: வீட்டுக் கணினியில் இன்ஜின் உதிரி வரைவது எப்படி?

நம் ஊர் அம்பாசடரின் இன்ஜினும், அமெரிக்காவில் வெயில் அடிக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கராஜை விட்டு வெளியே வரும் எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரின் இன்ஜினும் ஒரே குடும்பம். இரண்டும் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி-சீரிஸ். அம்பாசடரில் நாம் பல ஆண்டுகள் பார்த்தது 1489 சிசி. எம்ஜிபியில் 1798 சிசி. பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் இரண்டிலும் 88.9 மில்லிமீட்டர்தான். சிலிண்டரின் விட்டம் மட்டும் 73-லிருந்து 80 மில்லிமீட்டராக வளர்ந்தது. 1962 முதல் 1980 வரை தயாரான 5 லட்சத்துக்கும் மேற்பட்ட எம்ஜிபிகளில் பெரும்பகுதி அமெரிக்காவுக்கே வந்தது.

நியூ ஜெர்சியிலோ டெக்சஸிலோ வசிக்கும் நம்மவர்களுக்குப் பழைய கார் ஆசை வந்தால் இது ஒரு நல்ல தொடக்கம். இல்லை, அம்பாசடரேதான் வேண்டும், பத்மினியேதான் வேண்டும் என்றாலும் வழி உண்டு. 25 வயது கடந்த வண்டிகளுக்கு இங்குள்ள வாகனப் பாதுகாப்புத் தர விதிகளிலிருந்து விலக்கு இருக்கிறது. வண்டியைக் கப்பலில் கொண்டுவந்துவிடலாம். அதன் உதிரி பாகங்களுக்கு எங்கே போவது?

கோயம்புத்தூரிலோ அம்பத்தூரிலோ இருந்தால் கவலை இல்லை. உடைந்த பாகத்தைப் பழைய துணியில் சுற்றி லேத் பட்டறைக்கு எடுத்துப் போய், "இதே மாதிரி ஒண்ணு" என்றால் போதும். டர்னர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, அந்த ஓட்டை முதலில் இவ்வளவு பெரிதாக இருந்திருக்காது என்று அவரே கணக்குப் போட்டுக்கொள்வார். அமெரிக்காவில் மெஷின் ஷாப்புக்குப் போனால் முதல் கேள்வியே "டிராயிங் இருக்கிறதா?" என்பதுதான். அந்த டிராயிங்கை நாமே வீட்டுக் கணினியில் உருவாக்கிக்கொள்ள உதவுவதுதான் கேட் மென்பொருள். ஆட்டோகேட் என்ற பெயர் பலருக்குத் தெரிந்திருக்கும். அதை வெளியிட்ட ஆட்டோடெஸ்க், 1982-ல் நம் பே ஏரியாவின் மில் வேலியில் தொடங்கிய நிறுவனம்.

இந்த வேலையைப் பிரபலமாக்கியவர் தொலைக்காட்சி நகைச்சுவையாளர் ஜே லெனோ. கலிஃபோர்னியாவின் பர்பேங்கில் உள்ள அவருடைய கராஜில் 1907-ஆம் ஆண்டின் வைட் நீராவிக் கார் ஒன்று இருந்தது. கொதிகலனுக்குப் போகும் நீரைச் சூடாக்கும் அலுமினிய பாகம் நூறாண்டு வயதில் நுண்துளை விழுந்து, நீராவியும் எண்ணெயும் கசியத் தொடங்கியது. கடையில் தேடினால் கிடைக்கிற சாமானா அது? 2009-ல் அந்தப் பாகத்தை ஸ்கேன் செய்து, கணினியில் சரிசெய்து, பிளாஸ்டிக்கில் அச்சிட்டு, அதை வைத்துப் புதிய பாகம் செய்ததை அவரே எழுதினார். அப்போது அந்த ஸ்கேனரின் விலை ஏறக்குறைய 3,000 டாலர், பிரிண்டர் 15,000 டாலர். இன்று சில நூறு டாலருக்கு வாங்கும் 3டி பிரிண்டர் கராஜ் மூலையில் உட்கார்ந்து அந்த வேலையைச் செய்கிறது.

கருவி மலிவாகிவிட்டது, சரி. ஆனால் அந்த டர்னர் மனதில் போட்ட கணக்கை மென்பொருள் போடாது. நம் கையில் இருப்பது தேய்ந்த பாகம். வரைய வேண்டியதோ ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முன் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த பாகம். உள்ளதை உள்ளபடி வரைந்தால் தேய்மானத்தையும் சேர்த்தே நகலெடுத்து விடுவோம்.

எம்ஜிபியின் தெர்மோஸ்டாட் மூடியை எடுத்துக்கொள்வோம். இன்ஜின் தலையிலிருந்து சூடான நீர் ரேடியேட்டருக்குப் போகும் வழியில் உட்கார்ந்திருக்கும் சிறிய அலுமினிய வார்ப்பு அது. மூன்று இரும்பு ஸ்டட்களில் மாட்டியிருக்கும். அலுமினியமும் இரும்பும் ஈரத்தோடு சேர்ந்தால் அரிக்கும். மூடி ஸ்டட்டோடு ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். தட்டிக் கழற்றுவதற்குள் பாதிப்பேர் அதை உடைத்துவிடுவார்கள். ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: இந்த மூடி கடையில் மலிவாகவே கிடைக்கிறது. கலிஃபோர்னியாவின் மாஸ் மோட்டார்ஸ் 1948-லிருந்து பிரிட்டிஷ் கார் உதிரிகளைப் பார்த்துக்கொள்ளும் கடை. வாங்கக் கிடைப்பதை வாங்கிவிடுவதே புத்திசாலித்தனம். ஆனால் வரைந்து பழக இதைவிட நல்ல பாகம் இல்லை. நீங்கள் வரைந்தது சரியா என்று கடைப் பாகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

முதலில் அளவு. முப்பது டாலருக்குக் கிடைக்கும் டிஜிட்டல் வெர்னியர் போதும். ஒரே இடத்தை ஒரு முறை அளந்து எழுதாதீர்கள். நான்கு இடத்தில் அளந்து எழுதுங்கள். தட்டையான அடிப்பகுதியின் தடிமன் 9.1, 9.3, 9.4 என்று இடத்துக்கு இடம் மாறினால் சராசரி எடுக்கத் தோன்றும். எடுக்கக் கூடாது. இந்த இன்ஜினை வரைந்தவர்கள் அங்குலத்தில் யோசித்தவர்கள். முக்கால், அரை, எட்டில் மூன்று என்றுதான் அவர்கள் கை போகும். எட்டில் மூன்று அங்குலம் 9.525 மில்லிமீட்டர். அரிப்பிலும் உப்புத்தாள் தேய்ப்பிலும் கொஞ்சம் போய், மிஞ்சியதுதான் நீங்கள் அளந்த 9.4. முதலில் சொன்ன 88.9 மில்லிமீட்டர் ஏன் அப்படி ஒரு விசித்திர எண் என்று தோன்றியிருக்கலாம். அது சரியாக மூன்றரை அங்குலம். அம்பாசடர் சிலிண்டரின் 73.025 மில்லிமீட்டர், இரண்டே முக்காலே அரைக்கால் அங்குலம். இந்த அரைக்கால் கணக்கெல்லாம் தாத்தா காலத்து வாய்ப்பாட்டோடு போய்விட்டது என்று நினைத்திருந்தோம்!

மரையில் இன்னும் கவனம் வேண்டும். 16-ல் 5 பங்கு அங்குல ஸ்டட்டின் விட்டம் 7.94 மில்லிமீட்டர். நம் ஊர் 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்கும் அதற்கும் வெர்னியரில் வித்தியாசமே தெரியாது. ஆனால் முதலாவதில் ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் இடைவெளி 1.06 மில்லிமீட்டர், இரண்டாவதில் வழக்கமாக 1.25. தெரியாமல் முறுக்கினால் இரண்டு சுற்று போகும், அப்புறம் அலுமினியத்தின் மரை வழித்துக்கொண்டு வரும். மரை அளக்கும் சீப்பு போன்ற கேஜ் சில டாலர்தான், வாங்கிவிடுங்கள். எம்ஜிபிக்கு முந்தைய டிசி, டிடி, டிஎஃப் மாடல்கள் வைத்திருப்போருக்குக் கூடுதல் தலைவலி: அந்த இன்ஜின்களில் மரை பிரெஞ்சு மெட்ரிக், போல்ட்டின் தலையோ ஆங்கிலேய விட்வொர்த் ஸ்பானருக்கு ஏற்றது. மாரிஸ் நிறுவனம் 1923-ல் வாங்கிய காவென்ட்ரி இன்ஜின் ஆலை, ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சு நிறுவனத்துடையது. இயந்திரங்கள் பிரெஞ்சு அளவில் இருந்தன, வாடிக்கையாளர் கையில் இருந்த ஸ்பானர் ஆங்கில அளவில் இருந்தது. இரண்டையும் மாற்றாமல் சமாளித்ததன் விளைவு இது. கணினியில் வரையும்போது இந்த வரலாறு தெரியாவிட்டால் எந்த அட்டவணையிலும் அந்த போல்ட் பொருந்தாது.

வெளிவடிவத்துக்கு ஒரு எளிய வழி: புதிய கேஸ்கெட் ஒன்றை வாங்கி, ஒரு ஸ்கேலோடு சேர்த்து வீட்டு ஸ்கேனரில் வைத்து எடுங்கள். அந்தப் படத்தை மென்பொருளில் பின்னணியாகப் போட்டு, ஸ்கேலை வைத்து அளவைச் சரிசெய்து, மேலே வரையலாம். ஓட்டைகளின் இடம், ஓரத்தின் வளைவு எல்லாம் அதிலேயே கிடைத்துவிடும். அப்புறம் அதைத் தடிமனாக எழுப்பி, மேலே ஹோஸ் மாட்டும் குழாயை வளைத்துச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு அளவுக்கும் பெயர் வைத்து வரைவது நல்ல பழக்கம். "அடித்தடிமன்" என்ற எண்ணை மாற்றினால் மொத்த உருவமும் தானே மாறும். நாளைக்கு அங்குலக் கணக்கில் திருத்தம் வந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டாம்.

எந்த மென்பொருள்? ஃப்யூஷனின் தனிநபர் பதிப்பு இலவசம். ஒரே நேரத்தில் பத்துக் கோப்புகளைத்தான் திருத்தலாம். ஆன்ஷேப்பும் இலவசமாகக் கிடைக்கிறது, ஆனால் நீங்கள் வரைவதை எல்லோரும் பார்க்கலாம். ஃப்ரீகேட் முழுக்க முழுக்க நம்முடையது. 2024 நவம்பரில்தான் 1.0 பதிப்பை எட்டியது, பழகக் கொஞ்சம் பொறுமை வேண்டும். வீட்டில் பள்ளி ரோபாட்டிக்ஸ் அணியில் இருக்கும் பிள்ளை இருந்தால் இந்தப் பத்தியையே படிக்க வேண்டாம். ஹூஸ்டனில் நடக்கும் ஃபர்ஸ்ட் உலகப் போட்டியைக் கனவு காணும் அந்தப் பிள்ளைகள் இதையெல்லாம் நம்மைவிட வேகமாகச் செய்வார்கள். அவர்களுக்குத் தெரியாதது, தெர்மோஸ்டாட் எதற்கு என்பதுதான். அதை அப்பாவோ அம்மாவோ சொல்லலாம்.

"3டி ஸ்கேனர் இருந்தால் இவ்வளவு பாடு எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. ஸ்கேனர் தருவது லட்சக்கணக்கான முக்கோணங்களால் ஆன தோல். திருத்தக்கூடிய வரைபடம் அல்ல. உள்ளே நீர் ஓடும் பாதையை அது பார்க்காது. அரித்த குழியையும் விசுவாசமாகப் பதிவு செய்யும். வளைந்து நெளிந்த வடிவங்களுக்கு ஒத்தாசையாக வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

வரைந்ததைப் பிளாஸ்டிக்கில் அச்சிட்டு இன்ஜினில் பொருத்திப் பார்ப்பதுதான் இந்த வேலையின் சந்தோஷமான கட்டம். ஓட்டை அரை மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறதா? எண்ணை மாற்று, மறுபடி அச்சிடு. செலவு ஒரு காபிக்கு மேல் இல்லை. ஆபத்தும் இங்கேதான் நுழைகிறது. பொருந்திவிட்டதே, இப்படியே ஓட்டிப் பார்க்கலாமே என்று தோன்றும். வழக்கமாக அச்சிடும் பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரி செல்சியஸ் அருகிலேயே இளகும். எம்ஜிபியின் தெர்மோஸ்டாட் திறப்பதே 82 டிகிரியில். ஹூஸ்டன் கோடையில், பூட்டிய காருக்குள் வைத்தாலே நெளியும் சாமான் அது.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2025 மார்ச்சில் இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயர் விமான நிலையத்தில், ஆர்வலர் கட்டிய கோஸி வகைச் சிறு விமானம் ஒன்று தரையிறங்கும் நேரத்தில் இன்ஜின் சக்தி இழந்து ஓடுபாதைக்கு முன்பே விழுந்தது. விமானி சிறு காயங்களோடு தப்பினார். காரணம், இன்ஜினுக்குக் காற்று போகும் வழியில் இருந்த 3டி அச்சு முழங்கைக் குழாய் சூட்டில் இளகி மடங்கியதுதான். 105 டிகிரி வரை இளகாத பிளாஸ்டிக் என்று உரிமையாளர் நம்பி வாங்கியிருந்தார். விசாரணையில் சோதித்தபோது அது ஏறக்குறைய 54 டிகிரியிலேயே இளகியது. காரில் இதே பாகம் மடங்கினால் ஓரங்கட்டிவிடலாம்தான்; நெடுஞ்சாலையின் இடப்பக்க லேனில் இருக்கும்போது மடங்கினால் அதுவும் சுலபமில்லை.

ஆக, பிளாஸ்டிக் அளவு பார்க்க, ஓட்டுவதற்கு உலோகம். அதே கோப்பை அனுப்பினால் அலுமினியக் கட்டியிலிருந்து கடைந்து தரும் நிறுவனங்களும், உலோகத் தூளை லேசரால் உருக்கி அடுக்கடுக்காகக் கட்டித் தரும் நிறுவனங்களும் இணையத்தில் இருக்கின்றன. இரண்டாவது முறையை போர்ஷே நிறுவனமே பயன்படுத்துகிறது. 292 மட்டுமே தயாரான அதன் 959 காருக்கான கிளட்ச் நெம்புகோலை இப்படிச் செய்து, ஏறக்குறைய 3 டன் அழுத்தத்தில் சோதித்ததாக 2018-ல் அறிவித்தது.

பழைய வழியும் இருக்கிறது, எனக்குப் பிடித்ததும் அதுதான். அச்சிட்ட பிளாஸ்டிக்கை மாதிரியாக வைத்து மணலில் வார்ப்பது. விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பெட்டியில் வைத்து கோவை ஃபவுண்டரி ஒன்றில் கொடுத்தும் வார்க்கலாம். அப்படியானால் மாதிரியைச் சற்றுப் பெரிதாகச் செய்ய வேண்டும். உருகிய அலுமினியம் ஆறும்போது 100-க்கு 1.3 பங்கு சுருங்கும். வார்ப்பிரும்பு 1 பங்கு. மணலிலிருந்து உடையாமல் உருவ பக்கச் சுவர்களில் ஓரிரு டிகிரி சரிவு வேண்டும். கேஸ்கெட் உட்காரும் முகத்தில் இரண்டு மில்லிமீட்டர் கூடுதலாக விட்டு, பிறகு கடைந்து சமப்படுத்த வேண்டும்.

பிஸ்டன், கனெக்டிங் ராடு, பிரேக், ஸ்டீயரிங் பாகங்களில் கை வைக்க வேண்டாம். அவற்றில் வடிவம் பாதி வேலைதான். எந்த உலோகம், எப்படி அடித்துச் செய்தது, எவ்வளவு சூட்டில் பதப்படுத்தியது என்பது வெர்னியரில் தெரியாது. மூடிகள், குழாய் முனைகள், அடைப்புகள், தாங்கு பிடிகள் என்று பழைய இன்ஜினில் வரைவதற்கு வேறு எவ்வளவோ உண்டு.

கடைசியாக, கோப்பை அனுப்பும் முன் ஒன்று பாருங்கள். 3டி பிரிண்டருக்கு அனுப்பும் எஸ்டிஎல் கோப்பில் எண் மட்டும்தான் இருக்கும், அலகு இருக்காது. அங்குலத்தில் வரைந்ததை மில்லிமீட்டராகப் படித்தால் தெர்மோஸ்டாட் மூடி சட்டைப் பொத்தானைவிடச் சிறிதாக வந்து விழும். சரியான அளவில் உலோகத்தில் வந்து சேர்ந்ததும் ஸ்டட்களில் ஆன்டி-சீஸ் பசையைத் தடவிவிட்டு மாட்டுங்கள். அடுத்த முறை சுத்தியல் இல்லாமல் கழலும்.