டீமில் ஒருவர் மகப்பேறு விடுப்பில் போனால்... திரும்பி வரும்போது அந்த இடம் அவருக்கே கிடைக்குமா? சட்டம் சொல்வது என்ன?

வளைகாப்பு முடிந்த கையோடு ஆபீஸிலும் ஒரு கேக் வெட்டுவார்கள். "நீங்க இல்லாம இந்த புராஜெக்ட்டை எப்படி ஓட்டப்போறோமோ" என்று சிரிப்பார்கள். அவர் ஃபைல்களையும் பாஸ்வேர்டுகளையும் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பியதும் அதே அறையில் ஒரு கேள்வி வரும்: "திரும்ப வருவாங்களா?" அந்தப் பெண்ணின் மனதில் ஓடுவது வேறு. "திரும்ப வந்தா என் இடம் இருக்குமா?"

இதற்கான பதில், அவர் எங்கே வேலை செய்கிறார் என்பதைப் பொறுத்தது. பண்ருட்டியை ஒட்டிய திருவதிகையையே எடுத்துக்கொள்வோம். கெடிலம் ஆறு, வீரட்டானேஸ்வரர் கோயில், சுற்றுவட்டாரம் முழுக்கப் பலாவும் முந்திரியும். அங்கே ஒரே தெருவில் மூன்று பெண்கள் ஒரே சமயத்தில் கர்ப்பமாக இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் அரசுப் பள்ளி ஆசிரியை. இன்னொருவர் வீட்டிலிருந்தே தனியார் கம்பெனிக்கு வேலை பார்ப்பவர். மூன்றாமவர் முந்திரி உடைப்பவர். மூவருக்கும் பத்து மாதம்தான். விடுப்பு மட்டும் ஒன்றல்ல.

அரசு ஊழியருக்கு 12 மாதம்

தமிழக அரசு ஊழியர்களுக்கான மகப்பேறு விடுப்பு 2011-ல் 6 மாதமாகவும், 2016-ல் 9 மாதமாகவும் உயர்ந்தது. 2021 ஜூலை 1 முதல் 12 மாதம், முழுச் சம்பளத்துடன். விடுப்பில் போனால் தகுதிகாண் பருவம் தள்ளிப்போகும், பதவி உயர்வில் ஜூனியர்கள் முந்திவிடுவார்கள் என்ற குறை நீண்ட நாளாக இருந்தது. விடுப்புக் காலத்தையும் தகுதிகாண் பருவத்தில் சேர்க்கலாம் என்று 2025 ஏப்ரலில் சட்டப்பேரவையில் முதல்வர் ஸ்டாலின் அறிவித்தார்.

ஆனால் இங்கேயும் சிக்கல் வந்தது. தருமபுரி மாவட்ட அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவருக்கு முதல் திருமணத்தில் 2 குழந்தைகள். விவாகரத்துக்குப் பிறகு குழந்தைகள் தந்தையிடம் வளர்ந்தனர். மறுமணம் செய்துகொண்டவர் மகப்பேறு விடுப்பு கேட்டபோது, "இது மூன்றாவது குழந்தை" என்று மறுத்துவிட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். இரு நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்தது. கடைசியில் 2025 மே 23-ல் உச்ச நீதிமன்றம் ஆசிரியைக்கு விடுப்பு தர உத்தரவிட்டது. மகப்பேறு விடுப்பு என்பது பெண்ணின் இனப்பெருக்க உரிமையோடு சேர்ந்தது என்றும் சொன்னது. பாவம், தீர்ப்பு வரும்போது அந்தக் குழந்தைக்கு 3 வயது தாண்டியிருக்கும்.

தனியார் கம்பெனியில் 26 வாரம்

1961-ம் ஆண்டின் மகப்பேறு பயன்கள் சட்டம் முதலில் 12 வாரம்தான் தந்தது. 2017 திருத்தத்தில் அது 26 வாரமானது. பிரசவத்துக்கு முன்பே இதில் 8 வாரம் வரை எடுக்கலாம். ஏற்கெனவே 2 குழந்தைகள் இருந்தால் 12 வாரம். பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தாலே போதும். 2025 நவம்பர் 21 முதல் இந்தச் சட்டம் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. ஆனால் இந்த எண்கள் மாறவில்லை.

சரி, அந்த இடம்? விடுப்பில் இருக்கும்போது வேலையை விட்டு நீக்கக் கூடாது. பணி நிபந்தனைகளை அவருக்குப் பாதகமாக மாற்றவும் கூடாது. இது சட்டத்தில் தெளிவாக இருக்கிறது. ஆனால் அதே புராஜெக்ட்டை, அதே கிளையன்ட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. சம்பளம் குறையாது, பதவி குறையாது. ஆறு மாதம் கழித்து வந்தால் கையில் இருந்த முக்கிய வேலை இன்னொருவரிடம் போயிருக்கும், இவருக்கு உப்புச்சப்பில்லாத ஏதோ ஒன்று. இதை எந்த கோர்ட்டில் போய் நிரூபிப்பது? சட்டம் விட்டுவைத்திருக்கும் பெரிய ஓட்டை இதுதான்.

ஒப்பந்தம் முடிந்துவிட்டதே என்றும் சிலர் கைவிரிப்பார்கள். அது செல்லாது. தகுதியான நாட்கள் வேலை பார்த்திருந்தால், ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் மகப்பேறு பயன் தொடர வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கம்பெனிகள் தயங்கக் காரணம் செலவு. 26 வாரச் சம்பளத்தையும் முதலாளியே தர வேண்டும். ஊழியருக்கு இ.எஸ்.ஐ. இருந்தால் மட்டும் அந்தப் பணத்தை இ.எஸ்.ஐ. கழகம் தரும். ஆனால் அது மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்குத்தான். இதனாலேயே புதிதாகக் கல்யாணமான பெண் என்றால் இன்டர்வியூவில் யோசிக்கிறார்கள். தனியாரில் அப்பாக்களுக்கும் சம்பளத்தோடு விடுப்பு தரும் சட்டம் இருந்தால் இந்த யோசனை கொஞ்சம் குறையும். அது இன்னும் வரவில்லை.

முந்திரி உடைப்பவருக்கு?

பண்ருட்டிப் பக்கம் முந்திரி வேலையில் பெரும்பாலும் பெண்கள்தான். உடைப்பது, தோல் உரிப்பது, தரம் பிரிப்பது எல்லாமே. ஓட்டில் இருக்கும் எண்ணெய் பட்டால் கைத்தோல் வெந்துபோகும். கிலோ கணக்கில் கூலி வாங்குவோரே அதிகம். உட்கார்ந்தால் காசு, எழுந்தால் இல்லை.

பதிவு பெற்ற தொழிற்சாலை என்றால் கிலோ கணக்கில் கூலி வாங்கினாலும் 26 வாரம் இவருக்கும் உண்டு. கடந்த 3 மாதம் வேலை பார்த்த நாட்களின் சராசரிக் கூலிதான் கணக்கு. தினக்கூலிப் பெண்களுக்கும் இந்த உரிமை உண்டு என்று டெல்லி மாநகராட்சி வழக்கில் 2000-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் வருகைப் பதிவேட்டில் பெயர் இல்லையென்றால் 80 நாள் வேலை பார்த்ததை எப்படிக் காட்டுவது? மூட்டையை வீட்டுக்கு எடுத்து வந்து உடைப்பவர் இந்த வளையத்துக்குள்ளேயே வருவதில்லை.

அவருக்கு மிஞ்சுவது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம். ரொக்கம் 14,000 ரூபாய், 4,000 ரூபாய் மதிப்புள்ள ஊட்டச்சத்துப் பெட்டகங்கள், மொத்தம் 18,000. முதல் 2 பிரசவங்களுக்கு மட்டும். கர்ப்பம் உறுதியானதும் 12 வாரத்துக்குள் கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்ய வேண்டும். அமைப்புசாரா தொழிலாளர் நல வாரியத்தில் உறுப்பினராக இருந்தால் அங்கேயும் மகப்பேறு உதவி கேட்கலாம்.

திரும்பி வந்த பிறகு

குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை, பால் கொடுக்க வேலை நேரத்தில் தினமும் 2 இடைவேளை உண்டு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், ஒரு நாளில் 4 முறை போய்ப் பார்த்து வரலாம். வேலையின் தன்மை ஒத்துவந்தால் விடுப்புக்குப் பிறகு வீட்டிலிருந்து வேலை பார்ப்பது பற்றியும் பேசிக்கொள்ளலாம்.

விடுப்புக் கடிதத்தை எழுத்திலோ மெயிலிலோ கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கையில் இருக்கும் பொறுப்புகள் என்னென்ன, தற்காலிகமாக யாரிடம் ஒப்படைக்கிறீர்கள் என்பதையும் அதே மெயிலில் குறிப்பிடுங்கள். விடுப்பு மறுக்கப்பட்டால் மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் புகார் தரலாம். அப்போது முதலில் கேட்கப்படுவது அந்த மெயிலாகத்தான் இருக்கும்.