வகுக்காமலே அறிந்த பகா எண்

170141183460469231731687303715884105727. 127 இரண்டுகளைப் பெருக்கி 1ஐக் கழித்தால் கிடைக்கும் 39 இலக்க எண் இது. இது பகா எண் என்று பிரெஞ்சுக் கணித அறிஞர் எதுவார் லூக்கா 1876இல், கணிப்பொறி இல்லாத காலத்தில், நிறுவினார். அடுத்த 75 ஆண்டுகளுக்கு இதைவிடப் பெரிய பகா எண் எதையும் யாரும் கண்டறியவில்லை. இதை அசாத்தியப் பொறுமையின் வெற்றி என்று மெச்சுவது அந்த மனிதருக்கு நியாயம் செய்வதாகாது. எவ்வளவு பொறுமை இருந்தாலும் இதை வகுத்துப் பார்த்து முடிக்க முடியாது. இதன் வர்க்கமூலம் வரை ஒவ்வோர் எண்ணாக வகுப்பதென்றால், நொடிக்கு நூறு கோடி எண்களைச் சோதிக்கும் இயந்திரத்துக்கே 400 ஆண்டுகளுக்கு மேல் பிடிக்கும். காரணியைத் தேடாமலே விடை சொல்லும் வழி ஒன்றை லூக்கா கண்டார் என்பதுதான் இதன் பெருமை.

அந்த வழியைப் பின்னாளில் அமெரிக்கக் கணிதர் லேமர் எளிமையாக்கினார். சிறிய எண்ணான 31ஐ எடுத்துக்கொள்வோம். இது 2இன் 5ஆம் அடுக்கில் 1 குறைவு. 4இல் தொடங்கி, வர்க்கப்படுத்தி 2ஐக் கழித்தால் 14. மறுபடி அதையே செய்தால் 194. 31ஆல் வகுக்க மீதி 8. இன்னொரு முறை செய்தால் 62, மீதி 0. அடுக்கு 5 என்பதால் இரண்டு குறைத்து மூன்றே சுற்று. கடைசிச் சுற்றில் 0 வந்தால் பகா எண். வராவிட்டால் பகு எண். நம் 39 இலக்க எண்ணுக்கு 125 சுற்றுகள் போதும். இரும முறையில் எழுதினால் அது 127 ஒன்றுகளின் வரிசை. ஆகவே மீதி காண வகுத்தல்கூட வேண்டாம், மேல்பகுதியை வெட்டிக் கீழ்ப்பகுதியோடு கூட்டினால் ஆயிற்று. சதுரங்கப் பலகை போன்ற கட்டங்களில் காய்களை வைத்தே இதைச் செய்ய லூக்கா வழி வகுத்தார்.

ஒரு காரணியைக்கூடக் காட்டாமல் சொல்லும் தீர்ப்பை எப்படி நம்புவது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 2இன் அடுக்கில் 1 குறைவான பகா எண்கள் என்று 1644இல் பிரெஞ்சுத் துறவி மெர்சென் வெளியிட்ட பட்டியலில் 127ஆம் அடுக்கும் இருந்தது, 67ஆம் அடுக்கும் இருந்தது. இரண்டாவது தவறு, அது பகு எண் என்று அதே 1876இல் லூக்கா காட்டினார். ஆனால் எவற்றின் பெருக்கல் என்று அவரால் சொல்ல முடியவில்லை. 1903இல் அமெரிக்கக் கணிதர் கோல் அதைப் பிரித்துக் காட்டினார்: 193707721 × 761838257287. தீர்ப்புக்கும் அதன் கண்கூடான சான்றுக்கும் இடையே 27 ஆண்டுகள். சோதனையின் பின்னால் முழுமையான நிரூபணம் இருக்கிறது; கோலின் பெருக்கல் அதைக் கண்ணுக்குக் காட்டியது, அவ்வளவே.

இதனால் யாருக்கு என்ன பயன் என்ற கேள்விக்கும் இந்த இடைவெளியிலேயே விடை இருக்கிறது. ஓர் எண் பகா எண்ணா என்று அறிவது எளிது, பகு எண்ணைக் காரணிகளாகப் பிரிப்பது மிகக் கடினம். இணையத்தில் பரவலாகப் பயன்படும் ஆர்எஸ்ஏ மறைகுறியீட்டு முறை இந்த ஏற்றத்தாழ்வின் மேல்தான் நிற்கிறது. சுமார் 300 இலக்கம் கொண்ட இரு பகா எண்களைக் கணிப்பொறி சட்டென்று கண்டுபிடித்துப் பெருக்கிவிடும். பெருக்கற்பலனை மட்டும் வைத்துக்கொண்டு அவற்றை மீட்பது இன்றைய கணிப்பொறிகளால் ஆகாது. ஆனால் பயனுக்காக மட்டும் இதைப் படிக்க வேண்டியதில்லை. பள்ளிப் பிள்ளைகளிடம், 2இன் 7ஆம் அடுக்கில் 1 குறைவான 127ஐக் கொடுத்து இந்தச் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். ஐந்து சுற்றுகளில் மீதிகள் 14, 67, 42, 111, 0 என்று வர வேண்டும்.