பழைய ஆர்கேட் பெட்டியை மீட்கிறீர்களா? ஸ்விட்சைப் போடும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

1978-இல் டைட்டோ நிறுவனம் வெளியிட்ட ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’, 1980-இல் நாம்கோவின் ‘பேக்-மேன்’, 1981-இல் நிண்டெண்டோவின் ‘டாங்கி காங்’. ஜப்பானில் பிறந்த இந்த விளையாட்டுகள் ஆளுயர மரப்பெட்டிகளில் ஏறி உலகைச் சுற்றின. நம் ஊர்களிலும் வீடியோ கேம் பார்லர்கள் இருந்தன. அவை மூடப்பட்ட பிறகு பெட்டிகள் பல கோடவுன்களிலும் காயலான் கடைகளிலும் ஒதுங்கின. அவற்றைத் தேடிப்பிடித்து மீண்டும் ஓடவைக்கும் ஆர்வலர்கள் செய்வது நல்ல காரியம். ஆனால் வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பிளக்கைச் செருகிப் பார்க்கும் அவசரம், பெட்டியையும் கெடுக்கும், ஆளையும் கொல்லும். பெட்டி யாருடையது, உள்ளே எது ஆபத்தானது, எதை இழந்தால் திரும்பக் கிடைக்காது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்த பிறகே ஸ்விட்சில் கை வைக்க வேண்டும்.

வாங்கும் முன்: உரிமை யாருக்கு?

ஆர்கேட் தொழிலில் கடைக்காரர் ஒருவர், இயந்திரத்தின் உரிமையாளர் வேறொருவர் என்பது சாதாரணம். இயந்திரத்தை ஒருவர் கொண்டுவந்து வைப்பார். இடம் கொடுத்தவருக்கு வசூலில் பங்கு போகும். ஆகவே பூட்டிய தியேட்டரிலோ பழைய கடையிலோ கிடக்கும் பெட்டியை, அங்கே இருப்பவர் “எடுத்துக்கோங்க” என்று சொன்னதை மட்டும் நம்பி ஏற்றி வரக் கூடாது. கேட்பாரற்றுக் கிடப்பதாலேயே ஒரு பொருள் உரிமையாளர் இல்லாததாகிவிடாது. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவின்படி குற்றம்.

விற்பவரின் பெயர், முகவரி, தேதி, விலை, பெட்டியின் விவரம், வரிசை எண், “இதை விற்கும் உரிமை எனக்கு உண்டு” என்ற ஒரு வரி ஆகியவற்றைத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பெட்டியின் பின்பக்கத் தகடு, போர்டு, மானிட்டர் ஆகியவற்றைப் படம் எடுத்து வையுங்கள். பணத்தை வங்கி வழியாகவோ யுபிஐ வழியாகவோ கொடுங்கள். வெளிநாட்டிலிருந்து தருவிப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பழைய மின்னணுப் பொருட்களின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு உண்டு. உரிய அனுமதி இல்லாமல் வந்தால் சுங்கத்தில் மாட்டிக்கொள்ளும்.

உயிருக்கு ஆபத்து எங்கே?

முதல் ஆபத்து பிக்சர் ட்யூப். 19 அங்குல வண்ண மானிட்டரில், டி.வி. மெக்கானிக்குகள் ஈ.ஹெச்.டி. என்று சொல்லும் தடித்த ஒயர் 20,000 வோல்ட்டுக்கு மேல் சுமக்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ட்யூப் அந்த மின்னேற்றத்தை வைத்திருக்கும். ஒருமுறை இறக்கிவிட்டாலும் சிறிது நேரத்தில் ஓரளவு மீண்டும் சேரும். இதை இறக்குவது பழைய டி.வி. பழுது பார்த்து அனுபவம் உள்ளவர் செய்ய வேண்டிய வேலை. வீடியோவைப் பார்த்துத் தனியாக முயல வேண்டாம். ட்யூபின் கழுத்துப் பகுதி மெல்லிய கண்ணாடி. உள்ளே வெற்றிடம் என்பதால் தட்டுப்பட்டால் வெடித்துச் சில்லுகள் தெறிக்கும். பாதுகாப்பு மூக்குக்கண்ணாடியும் கையுறையும் அணியாமல் ட்யூபைத் தூக்கக் கூடாது.

இரண்டாவது, பவர் சப்ளை. அமெரிக்கப் பெட்டிகள் பல 110 வோல்ட்டுக்கும், ஜப்பானியப் பெட்டிகள் 100 வோல்ட்டுக்கும் செய்யப்பட்டவை. நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் கருகிவிடும். பழைய ஆர்கேட் மானிட்டர்கள் பலவற்றின் இரும்புச் சட்டமே மின்சாரத்தோடு தொடர்பில் இருக்கும். அவற்றுக்கு ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம். வோல்ட்டை மட்டும் குறைக்கும் சாதாரண ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் அந்தப் பாதுகாப்பைத் தராது.

மூன்றாவது, எர்த். நாணயம் போடும் கதவு இரும்பு. விளையாடும் குழந்தையின் கை படுவது அங்கேதான். அந்தக் கதவுக்கும் கண்ட்ரோல் பேனலின் உலோகத்துக்கும் எர்த் ஒயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை யாரேனும் வெட்டியிருக்கலாம். மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வீட்டு இணைப்பில் பொருத்தியிருப்பது அவசியம்.

யாருக்காவது ஷாக் அடித்தால் தொடாதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள். முடியாவிட்டால் உலர்ந்த கட்டையால் விலக்குங்கள். உடனே 108-ஐ அழையுங்கள். மூச்சும் நாடியும் இல்லையென்றால் ஆம்புலன்ஸ் வரும்வரை மார்பை அழுத்தி சி.பி.ஆர். கொடுங்கள்.

திரும்பக் கிடைக்காதவை

விளையாட்டு வாழ்வது போர்டில். அதிலுள்ள ஈப்ராம் சில்லுகளின் மேல் சிறு கண்ணாடி ஜன்னலும், அதை மூடிய ஸ்டிக்கரும் இருக்கும். அழுக்கு என்று ஸ்டிக்கரை உரித்துவிடாதீர்கள். புற ஊதா ஒளி பட்டால் உள்ளிருக்கும் நிரல் அழியும். நாள்பட்ட வெயிலும் அதைச் செய்யும். சில போர்டுகளில் நிக்கல்-காட்மியம் பேட்டரி கசிந்து செம்புத் தடங்களை அரிக்கும். அதை முதல் வேலையாக அகற்ற வேண்டும்.

ஆனால் எல்லா பேட்டரியையும் அப்படிப் பிடுங்கிவிட முடியாது. 1993-இல் வந்த காப்காமின் சி.பி.எஸ்-2 போர்டில் விளையாட்டைத் திறக்கும் மறைகுறியீட்டுச் சாவி பேட்டரியின் தயவில்தான் நிற்கிறது. பேட்டரி தீர்ந்தால் விளையாட்டு எழும்பாது. அதற்கும் இப்போது மீட்பு வழி உண்டு. போர்டின் வகை தெரியாமல் எதையும் கழற்றாதீர்கள். போர்டுக்கு மின்சாரம் கொடுக்கும் முன் அதைத் துண்டித்துவிட்டு, பவர் சப்ளையின் 5 வோல்ட் சரியாக வருகிறதா என்று மல்டிமீட்டரில் பாருங்கள்.

பதிப்புரிமை: எதுவரை போகலாம்?

பெட்டி உங்களுடையது, விளையாட்டின் பதிப்புரிமை உங்களுடையது அல்ல. 1980-இன் விளையாட்டும் இன்றுவரை பதிப்புரிமைக்குள் இருக்கிறது. ஆனால் சட்டம் உங்களைக் கைவிடவில்லை. பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 52(1)(ஏஏ) பிரிவு, நிரலின் பிரதியைச் சட்டப்படி வைத்திருப்பவர் இழப்பு, சேதம் ஆகியவற்றிலிருந்து காத்துக்கொள்ள ஒரு காப்புப் பிரதி எடுக்க இடம் தருகிறது. உங்கள் போர்டின் ஈப்ராமைப் படித்துச் சேமிப்பது இந்தப் பாதுகாப்புக்குள் வரும். அதைப் பிறருக்கு விற்பது வராது. நூற்றுக்கணக்கான விளையாட்டுகளை அனுமதியின்றி அடைத்த போர்டுகளைப் பொருத்தி விற்பது மீறல். தெரிந்தே திருட்டு நிரலைப் பயன்படுத்தினால், 63பி பிரிவின்படி ஏழு நாள் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், ரூ.50,000 முதல் ரூ.2 லட்சம் வரை அபராதமும் உண்டு.

காசு வாங்கிப் பொதுமக்களை ஆடவைக்க நினைத்தால் உரிமம் பற்றி முதலில் காவல்துறையிடமும் உள்ளாட்சியிடமும் விசாரியுங்கள். வீடியோ கேம் பார்லர்களை உரிமத்தின் மூலம் அரசு ஒழுங்குபடுத்தலாம் என்று கர்நாடக வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995-இலேயே சொல்லிவிட்டது.

கழற்றியதை எங்கே கொடுப்பது?

பிக்சர் ட்யூபின் புனல் பகுதியில் ஈயம் இருக்கிறது. உடைத்துக் குப்பையில் போட்டால் மண்ணுக்கும் நீருக்கும் போகும். செம்புக்காக ஒயரைக் கொளுத்தினால் நச்சுப்புகை அக்கம்பக்கத்துக் குழந்தைகளின் நுரையீரலுக்குப் போகும். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு (மேலாண்மை) விதிகள் 2022-இன் பட்டியலில் வீடியோ கேம்களும் நாணயம் போடும் இயந்திரங்களும் இடம்பெற்றுள்ளன. பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடமே கழிவைக் கொடுங்கள். திறந்தவெளியில் எரிப்பதைக் கண்டால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் புகார் செய்யுங்கள்.

ஏமாற்றப்பட்டால்

‘அசல் போர்டு’ என்று விற்றது நகலாக இருந்தாலோ, ‘ஓடுகிறது’ என்று சொன்னது ஓடாவிட்டாலோ முதலில் எழுத்து மூலம் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். இணையதளத்தில் வாங்கியிருந்தால் அதன் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும் என்பது 2020 மின்வணிக விதி. வணிகர் மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அதன்பின் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை நாடலாம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். விற்றவர் வணிகராக இல்லாமல் தனிமனிதராக இருந்தால் சிவில் நீதிமன்றமே வழி. அங்கே உங்களுக்குத் துணை நிற்பது நீங்கள் கையெழுத்து வாங்கி வைத்த அந்தத் தாள்.

ஒரு தலைமுறை நாணயத்தைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்ற இயந்திரங்கள் இவை. இந்தப் பிக்சர் ட்யூபுகளை இன்று யாரும் தயாரிப்பதில்லை. ஒவ்வொரு அவசரமும் உலகில் எஞ்சியிருப்பவற்றில் ஒன்றைக் குறைக்கிறது. தாளை வாங்குங்கள், அனுபவமுள்ள மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள், எர்த்தைச் சோதியுங்கள். ஸ்விட்சைப் போடுவது கடைசி வேலையாக இருக்கட்டும்.