நீலம் வந்தா ஜெயிலா, ஸார்?

நம்ம சினிமா போலீஸுக்கு லேப் எல்லாம் தேவையே இல்லை. பாக்கெட்டைக் கிழிப்பார், ஒரு சிட்டிகை நாக்கில் வைப்பார், "ஹெராயின்!" என்பார். முடிந்தது கேஸ்!

நிஜத்தில் நாக்குக்குப் பதில் ஒரு சின்ன பிளாஸ்டிக் பை. உள்ளே ரசாயனக் குப்பிகள். சந்தேகப்பட்ட பொடியை ஒரு துளி போட்டு, குப்பியை உடைத்துக் குலுக்கினால் நிறம் மாறும். ஃபார்மால்டிஹைடும் கந்தக அமிலமும் கலந்த 'மார்க்விஸ்' திரவம் ஹெராயின் பட்டால் ஊதாவாகும். கோபால்ட் தயோசயனேட் கொக்கெய்ன் பட்டால் நீலமாகும். ஆபீஸ் காபி ஆறுவதற்குள் ரிசல்ட்!

சௌகரியம்தான். ஆனால், படிக்கப் படிக்க எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்த நீலம் கொக்கெய்னுக்கு மட்டும் விசுவாசமாக இருப்பதில்லையாம். வேறு 80க்கும் மேற்பட்ட பொருட்களைக் கண்டாலும் பல்லைக் காட்டுமாம். முகப்பரு மருந்துகள் சிலவும் அதில் அடக்கம். (கல்யாண வயசுப் பிள்ளைகள் கவனிக்க!)

2015 டிசம்பர். அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலம், ஆர்லாண்டோ நகரம். 64 வயசுக்காரர் ஒருவரின் காருக்குள் வெள்ளைத் துணுக்குகள். போலீஸ் அங்கேயே சோதித்தது. 'போதை மருந்து' என்றது நிறம். அது டோனட் மேல் பூசியிருந்த சர்க்கரை என்று அவர் சொன்னது எடுபடவில்லை. சுமார் 10 மணி நேரம் உள்ளே! அப்புறம் லேப் சொன்னது: 'போதை மருந்து இல்லை.' 2017ல் நகர நிர்வாகம் 37,500 டாலர் கொடுத்து சமாதானமானது.

அவரிடம் ஜாமீனுக்குப் பணம் இருந்தது. இல்லாதவன் கதி? டெக்சாஸ் மாநிலம் ஹூஸ்டனில் 2004லிருந்து 2015க்குள் இப்படிச் சிக்கிய நூற்றுக்கும் மேற்பட்டவர்கள், 'ஒத்துக்கிட்டா சீக்கிரம் வெளியே வந்துடலாம்' என்று செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். தாமதமாக வந்த லேப் முடிவில் போதை மருந்தே இல்லை. அதற்குள் பெயர் கெட்டு, பலருக்கு வேலையும் போச்சு.

கிட் மேல் எனக்குக் கோபமில்லை, ஸார். அது கை காட்டும். தீர்ப்புச் சொல்லக் கூடாது. நம் நாட்டிலும் இது முதல் படிதான். மாதிரி, தடயவியல் ஆய்வகத்துக்குப் போக வேண்டும். இன்னொன்றையும் மனசில் வையுங்கள்: 1985ம் வருஷப் போதைப்பொருள் சட்டத்தின் 50வது பிரிவுப்படி, உங்கள் உடம்பைச் சோதிக்கும்முன் "கெஜட்டட் ஆபீசர் அல்லது மாஜிஸ்ட்ரேட் முன்னால்தான்" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

நிறத்தைப் பார்த்து எடை போடாதே என்பது மனுஷனுக்கு மட்டுமில்லை, குப்பிக்கும் பொருந்தும்!